வால் மட்டும் தெரிந்த மீன்: ஒரு இளம் நைஜர் ட்ரிக்கரின் கூச்சம்

ஒன்பது நாளாக அந்த மீனின் வாலைத் தவிர வேறெதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. பாறை இடுக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கவட்டை வால், அதன் ஓரத்தில் மெல்லிய வெளிர்நீலக் கோடு, அவ்வளவுதான். இரை போட்டால் மற்ற மீன்கள் பாய்ந்து வரும். வால் மட்டும் அசையாமல் இருக்கும். நான் முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோனால் அந்த வாலும் உள்ளே போய்விடும்.

கடல்மீன் வளர்ப்பவர்களிடையே ட்ரிக்கர் மீனுக்கு முரடன் என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பி இளம் ட்ரிக்கரை வாங்கியவர் முதல் வாரத்திலேயே பயந்துபோவார். எனக்கும் அதுதான் நடந்தது. நோய் என்று நினைத்தேன், தண்ணீரில் கோளாறு என்று நினைத்தேன், வேறு மீன் விரட்டுகிறது என்று நினைத்தேன். கடைசியில் காரணம் வேறாக இருந்தது, அதில் பெரும்பங்கு என்னுடையது. நாள் வாரியாகக் குறித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மீன்

ஓடோனஸ் நைஜர். கடற்கரை வழக்கில் கிளாத்தி என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் சுமார் 40 இனங்கள் உண்டு. நைஜர் என்றால் கறுப்பு என்று பொருள். ஆனால் நல்ல வெளிச்சத்தில் இது கருநீலமாக, சில நேரம் ஊதாவாக, தலைப்பக்கம் பச்சை கலந்து தெரியும். வளர்ந்ததும் பற்கள் சிவக்கும், அதனால் செம்பல் ட்ரிக்கர் என்றும் சொல்வார்கள். வாய் சற்று மேல்நோக்கித் திரும்பியிருக்கும், கீழ்த்தாடை துருத்தியிருக்கும். அந்த வாயைப் பார்த்தாலே இதன் பிழைப்பு புரியும்: மற்றப் பல ட்ரிக்கர்கள் தரையில் நண்டையும் கடல் முள்ளெலியையும் உடைத்துத் தின்னும்போது, இது பாறைத்திட்டுக்கு மேலே நீரோட்டத்தில் கூட்டமாக நின்று மிதந்துவரும் சிற்றுயிர்களைப் பொறுக்கித் தின்னும். ஆபத்து வந்தால் அந்தக் கூட்டம் மொத்தமும் தலைகீழாகப் பாய்ந்து ஆளுக்கொரு பொந்தில் நுழைந்துகொள்ளும். பொந்துகளிலிருந்து வால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆக, வால் நீட்டிக்கொண்டு ஒளிவது இந்த இனத்தின் சாதாரண வழக்கம்தான். எனக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் கடலில் நைஜர் ஆபத்து நீங்கியதும் வெளியே வந்துவிடும். இது ஒன்பது நாளாக வரவில்லை.

என்னிடம் வந்தபோது மூக்கிலிருந்து வாலடி வரை 6 சென்டிமீட்டர், முதுகிலிருந்து வயிறு வரை 3 சென்டிமீட்டர். இந்த இரண்டாவது அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கேதான் திரும்பும்.

தொட்டியும் அதற்கு முந்தைய ஐந்து வாரமும்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி. சம்ப் என்ற கீழ்வடிகட்டித் தொட்டியும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் உண்டு. உள்ளே ஏற்கெனவே ஃபாக்ஸ்ஃபேஸ் என்ற மஞ்சள் மீன் ஒன்று, ஒரு ஜோடி கோமாளி மீன். ட்ரிக்கர் வளர்ந்தால் தின்றுவிடும் என்பதால் இரண்டு இறால்களையும் முன்கூட்டியே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். லைவ் ராக் எனப்படும், உயிர்கள் ஒட்டி வாழும் கடற்பாறைகளை அழகாக அடுக்கியிருந்தேன்: இடப்பக்கம் ஒரு பெரிய வளைவு, நடுவில் ஒரு அகலமான குகை, வலப்பக்கம் அடுக்குப் பாறை. தொட்டி இருந்தது கூடத்தில், வாசலுக்கு எதிரே.

அதற்கு முன் மீன் ஐந்து வாரம் தனிமைத் தொட்டியில், அதாவது புது மீனுக்கு நோய் உண்டா என்று தனியே வைத்துப் பார்க்கும் தொட்டியில் இருந்தது. உள் அறையில் ஒரு வெற்றுத் தொட்டி. மணல் இல்லை, பாறை இல்லை. ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், 40 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு ஒன்று. அங்கே மூன்றாவது நாளே மைசிஸ் இறாலை எடுத்துத் தின்றது. இரண்டாவது வாரத்தில் நான் கதவைத் திறந்தாலே குழாயிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. ஐந்தாவது வாரத்தில் நல்ல வயிறோடு, துணிச்சலான மீனாகத்தான் அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன்.

மாற்றும்போது வலை பயன்படுத்தவில்லை. ட்ரிக்கரை வலையில் பிடித்தால் முதுகுமுள் வலைக்கண்ணில் மாட்டிப் பூட்டிக்கொள்ளும், பிரித்தெடுப்பதற்குள் மீன் கிழிபடும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுத்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பிறகு யோசித்தபோது இந்த இடம்தான் என்னை உறுத்தியது. சின்ன, வெறுமையான தொட்டியில் தைரியமாக இருந்த மீன், பத்து மடங்கு பெரிய, பாறை நிறைந்த வீட்டில் ஏன் ஒடுங்கியது? வசதி கூடினால் பயம் குறையும் என்று நாம் நினைக்கிறோம். மீனின் கணக்கு வேறு.

முதல் ஒன்பது நாள்

விட்ட உடனே மீன் நேராகக் கீழே இறங்கி நடுக்குகைக்குள் போனது. அரைமணி நேரத்தில் அங்கிருந்து நழுவி வலப்பக்க அடுக்குப் பாறைக்குப் பின்னால் போனது. அன்று முழுக்க அங்கேயே இருந்தது. சரி, முதல் நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது நாள் வாலும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மேல் பாறையைத் தூக்கினேன். இருந்தது. பாறையைத் திரும்ப வைத்தேன், ஆனால் அச்சு அசலாக அதே இடத்தில் வைக்க முடியவில்லை. மீன் இடம் மாறி வளைவின் பின்பக்கம் போனது.

நான்காவது நாள் மறுபடி தூக்கினேன். இந்த முறை நடந்ததை மறக்க முடியாது. கையளவுப் பாறை, அடியில் ஒரு வெடிப்பு. தூக்கும்போது மீன் வெளியே பாயும் என்று எதிர்பார்த்தேன். பாயவில்லை. பாறையோடு சேர்ந்தே மேலே வந்தது. வெடிப்புக்குள் முதுகுமுள்ளை நிமிர்த்தி, வயிற்றுப்பக்க எலும்பைக் கீழே தள்ளி, ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருந்தது. பாறை நீர்மட்டத்துக்கு அருகே வந்தபோது உள்ளிருந்து கர்... கர்... என்று ஒரு சத்தம். பாறையைப் பிடித்திருந்த என் கட்டைவிரலில் அந்த அதிர்வு தெரிந்தது. ட்ரிக்கர்கள் செவுள் திறப்புக்குப் பின்னால் உள்ள தடித்த செதில்களில் பக்கத்துடுப்பை அடித்து இந்த ஒலியை எழுப்பும். பிடிபட்ட மீன் எழுப்பும் ஒலி அது. அன்று பிடித்தவன் நான். ஏழாவது நாள் மூன்றாவது முறையாக ஒரு பாறையை நகர்த்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் ஏன் நகர்த்தினேன் என்பதற்குப் பதற்றம் என்ற ஒரே பதில்தான் என்னிடம் உண்டு.

அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மீனின் மனநிலையே அந்த எலும்பில்தான் இருக்கிறது. முதல் முதுகுத்துடுப்பில் மூன்று முட்கள். முன்னால் இருப்பது தடித்தது, நீளமானது. அது நிமிர்ந்ததும் இரண்டாவது சின்ன முள் அதன் அடியில் வந்து முட்டுக்கொடுத்துப் பூட்டிவிடும். அப்புறம் முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது, முறிந்தால்தான் உண்டு. ஆனால் இரண்டாவது முள்ளை லேசாகக் கீழே தள்ளினால் பூட்டு விடுபட்டு முதல் முள் படுத்துவிடும். துப்பாக்கி விசைபோல் வேலை செய்வதால்தான் ட்ரிக்கர் என்ற பெயரே வந்தது. இரவில் இப்படிப் பூட்டிக்கொண்டு, பல நேரம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும். இறுகிய ட்ரிக்கரை இழுத்து எடுக்க நினைக்கவே கூடாது. அவசியமானால் பாறையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சந்தேகங்களை ஒவ்வொன்றாக விலக்கியது

எட்டாவது நாள் உட்கார்ந்து முறையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

தண்ணீர்: அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 15 பிபிஎம். ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ், பிஎச் 8.2. தனிமைத் தொட்டியிலும் கிட்டத்தட்ட இதே அளவுகள்தான். தண்ணீரில் குறை இல்லை.

நோய்தான் உண்மையில் என்னைப் பயமுறுத்தியது. ஒளிந்துகொள்வது கூச்சத்துக்கும் நோய்க்கும் பொதுவான அறிகுறி. அதிலும் வெல்வெட் எனப்படும் ஆமிலோடினியம் தொற்றிய மீன் வெளிச்சத்தைத் தவிர்த்து ஒதுங்கும், உண்ணாது, பவர்ஹெட் என்ற பம்பு தள்ளும் நீரோட்டத்தில் போய் நிற்கும், மூச்சு வேகமாகும். ஓரிரு நாளிலேயே இறந்தும் போகலாம். அதனால் கூச்சம்தானே என்று காத்திருப்பது சில நேரம் மீனைக் கொன்றுவிடும். இரண்டையும் பிரித்தறிய மூச்சை எண்ண வேண்டும். மற்ற மீன்களில் செவுள்மூடி அகலமாகத் திறந்து மூடும், எண்ணுவது சுலபம். ட்ரிக்கரில் பக்கத்துடுப்புக்கு முன்னால் ஒரு சின்னக் கீறல் மட்டுமே உண்டு. அதைப் பார்த்து எண்ணக் கண் பழக வேண்டும். தனிமைத் தொட்டியில் இருந்தபோதே அமைதியான நேரத்து மூச்சு எண்ணிக்கையை எழுதி வைத்திருந்தேன். மங்கலான சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் இரவு பதினொரு மணிக்கு மூன்று முறை எண்ணினேன். பழைய எண்ணிக்கையோடு ஒத்துப்போனது. உடலில் வெள்ளைப் புள்ளி இல்லை, மாவு தூவியதுபோன்ற படலம் இல்லை, பாறையில் உரசிய தடம் இல்லை, கண் தெளிவாக இருந்தது.

வயிறு மட்டும் கவலை தந்தது. பக்கவாட்டில் லேசாகக் குழிந்திருந்தது. இளம் ட்ரிக்கருக்குச் சேமிப்பு அதிகம் கிடையாது. பெரியது ஒரு வாரம் உண்ணாமல் தாங்கும், இது தாங்காது. அன்றிலிருந்து நீளமான குழாய்ப் பிப்பெட்டில் மைசிஸை எடுத்து, மீன் இருந்த இடுக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நீரோட்டத்தில் விட்டேன். துகள்கள் தானாக மிதந்து உள்ளே போகும்படி. இடுக்கின் வாயிலேயே பிப்பெட்டை நீட்டினால் அதுவும் ஒரு எதிரியாகிவிடும். மிதந்து வருவதை வாயைத் திறந்து பிடிப்பதுதான் நைஜருக்குப் பிறவிப் பழக்கம். உள்ளே போன ஐந்து துகள்களில் இரண்டோ மூன்றோ திரும்பி வரவில்லை. அந்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஃபாக்ஸ்ஃபேஸ் சாது, ட்ரிக்கரைக் கண்டுகொள்ளவே இல்லை. கோமாளி மீன்களில் பெண்மீன் இடது மூலையைத் தன் இடம் என்று வைத்திருந்தது, அந்தப் பக்கம் வருகிற எதையும் ஒருமுறை பாய்ந்து விரட்டும். வளைவின் பின்பக்கம் போன ட்ரிக்கர் இரண்டாவது நாளிலிருந்து அந்த எல்லையில் இருந்தது. ஆனால் அதை அங்கே துரத்தியது கோமாளி மீன் இல்லை, பாறையைத் தூக்கிய என் கைதான்.

அம்மா சொன்னது

ஒன்பதாவது நாள் மாலை நான் தொட்டிமுன் குந்தியிருந்தபோது அம்மா சொன்னார்: "நீ வந்தாத்தாம்ப்பா அது உள்ள போகுது. மத்தியானம் நான் இங்கே உக்காந்து படிக்கும்போது வெளியதான் சுத்துது. நீலமா, அழகா இருக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, தொட்டிக்கு நேரே வைத்து, ஒரு மணி நேரம் பதிவுசெய்ய விட்டுவிட்டு வீட்டையே காலி செய்துகொண்டு வெளியே போனோம். திரும்பி வந்து பார்த்தேன். பதினோராவது நிமிடத்தில் வால் மறைந்து தலை வந்தது. ட்ரிக்கரின் கண்கள் தலையில் மேலே, பின்னால் தள்ளி இருக்கும், ஒன்றுக்கொன்று தனியாகச் சுழலும். ஒரு கண் மேலே விளக்கைப் பார்க்க, மற்றது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த வெற்று அறையைப் பார்த்தது. அப்புறம் முதுகுத்துடுப்பும் அடித்துடுப்பும் அலையலையாக அசைய, வால் சும்மா இருக்க, மெதுவாக வெளியே மிதந்தது. பவர்ஹெட் முன்னால் நின்று கண்ணுக்குத் தெரியாத எதையோ பொறுக்கித் தின்றது. அந்த அறுபது நிமிடத்தில் இருபத்துமூன்று நிமிடம் வெளியே இருந்தது.

அதே நாள் இரவு நான் தொட்டிமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பூஜ்யம்.

எனவே தொட்டியைக் கண்டு இது பயப்படவில்லை, ஆளைக் கண்டுதான் பயந்தது. அதிலும் எல்லா ஆளையும் கண்டு இல்லை. அசையாமல் உட்கார்ந்து படிக்கும் அம்மா இருந்தால் வருகிறது. வாசலிலிருந்து நேராக வந்து குனிந்து பார்க்கும், மூன்று முறை பாறையைப் பெயர்த்த நான் வந்தால் ஒளிகிறது. சின்ன மீனுக்கு மேலேயிருந்து திடீரென்று இறங்கும் பெரிய உருவம் என்றால் ஒன்றுதான் பொருள்: தன்னைத் தின்ன வருவது.

இளம் ட்ரிக்கர்கள் இப்படி இருப்பதில் வியப்பில்லை. முட்டையிலிருந்து வந்தவை திறந்த கடலில் மிதந்து வளர்ந்து, பிறகுதான் பாறைத்திட்டில் இறங்கும். சாம்பல் ட்ரிக்கரின் குஞ்சுகள் மிதக்கும் சர்காசம் பாசிக்குள்ளேயே மாதக்கணக்கில் ஒளிந்து வாழ்ந்துவிட்டுத்தான் தரைக்கு வரும். பிற்காலத்தில் பெரும் முரடாகும் கோமாளி ட்ரிக்கரும் குஞ்சுப் பருவத்தில் ஆழமான சரிவுகளில் குகை வாயைவிட்டு நகராத பயந்த மீன்தான். பெரிய உடலும் தடித்த தோலும் வரும்வரை பொந்துதான் அவற்றுக்குக் கவசம்.

ஒவ்வொரு மீனுக்கும் தனிச் சுபாவம் உண்டு என்பதும் உண்மை. டேவிட் ஸ்லோன் வில்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் பம்ப்கின்சீட் என்ற நன்னீர் மீனில் இதைப் பார்த்தார்கள். குளத்தில் வைத்த பொறிக்குள் துணிந்து நுழைந்த மீன்கள், இழுவலையில் பிடித்தவற்றைவிட ஆய்வகத்தில் சீக்கிரம் பழகி உண்ணத் தொடங்கின. ஆனால் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தபின் அந்த வேறுபாடு மறைந்துபோனது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். என் மீனும் தனிமைத் தொட்டியில் துணிச்சல், பெரிய தொட்டியில் கூச்சம். இது கூச்ச சுபாவம் என்று முத்திரை குத்திவிட்டால் இடத்தில் உள்ள குறை கண்ணில் படாமலே போய்விடும்.

என்ன மாற்றினேன்

ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் என்று முடிவு செய்தேன். தினமும் இரவு ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், ஒரு மணி நேரம் உட்கார்ந்து மீன் வெளியே இருக்கும் நிமிடங்களை எண்ணினேன்.

முதல் மாற்றம், சும்மா இருப்பது. பதினோராவது நாளிலிருந்து தொட்டிக்குள் கை வைக்கவில்லை. கண்ணாடியில் பாசி படிந்தது, படியட்டும் என்று விட்டேன். பதினேழாவது நாள் கணக்கு: நான்கு நிமிடம்.

இரண்டாவது மாற்றம்தான் இந்த ஆய்வின் மையம். பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. மீன் நடுக்குகைக்குள் போகும், சுற்றிப் பார்க்கும், வெளியே வந்துவிடும். வளைவுக்கு அடியிலும் அப்படியே. அளவுகோலால் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அளந்தேன். குகையின் உயரம் 11 சென்டிமீட்டர், வளைவு 15. மீனின் உடல் உயரம் 3 சென்டிமீட்டர், முள்ளை நிமிர்த்தினால் சுமார் 4. அந்தக் குகைக்குள் முள்ளை நிமிர்த்தினாலும் கூரையைத் தொடாது. தொடாவிட்டால் இறுக முடியாது. இறுக முடியாத பொந்து ட்ரிக்கருக்குப் பொந்தே இல்லை, கூரை போட்ட வெட்டவெளி. நம் கண்ணுக்கு அழகாக இருந்த குகைகளில் ஒன்றுகூட அந்த மீனுக்கு உதவவில்லை. பொருந்திய ஓரிரு வெடிப்புகளையும் நான் மூன்று முறை கலைத்திருந்தேன்.

தனிமைத் தொட்டியில் இருந்த குழாயின் உள்ளளவு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். அங்கே அது துணிச்சலாக இருந்ததற்கு விடை இந்த அளவில் இருந்தது.

பதினெட்டாவது நாள் காலை விளக்கு எரியும் முன், அதே குழாய்த் துண்டை நீளமான இடுக்கியால் வலப்பக்கப் பாறைக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே, பாதி மணலில் புதையும்படி இறக்கினேன். முன்பக்கம் வைத்தது வேண்டுமென்றேதான். மறைவிடத்தைத் தொட்டியின் பின்னால் வைத்தால் மீன் பின்னால்தான் வாழும். அன்று பிற்பகலே வால் அந்தக் குழாயிலிருந்து தெரிந்தது. இரண்டு நாளில் வால் உள்ளேயும் தலை வெளியேயுமாகத் திரும்பி உட்கார்ந்தது. எனக்கு அதுதான் முதல் வெற்றி. வாலைக் காட்டும் மீன் ஒளிகிறது, தலையைக் காட்டும் மீன் வேடிக்கை பார்க்கிறது. அப்புறம் அடுக்குப் பாறையிலும் அதே அளவில் இரண்டு இடுக்குகள் அமையும்படி சிறு கற்களைச் செருகினேன். ஓடி ஒளிய எந்தப் பக்கமும் ஓர் இடம் உண்டு என்று தெரிந்த மீன் நடுவெளியைக் கடக்கத் துணியும். இருபத்துநான்காவது நாள்: பதினைந்து நிமிடம்.

மூன்றாவது வெளிச்சம். அதுவரை தொட்டி விளக்கு இருட்டிலிருந்து ஒரே நொடியில் முழு ஒளிக்குத் தாவும். முதலில் அறைவிளக்கு, அரைமணி கழித்து மங்கலான நீலம், இன்னொரு அரைமணி கழித்து முழு ஒளி என்று மாற்றினேன். மாலையிலும் அதே இறங்குமுகம். தொட்டிமூடியை டப்பென்று வைக்கும் பழக்கத்தையும் விட்டேன், ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினேன். வாசலிலிருந்து நேராக வராமல் சுவரோரமாக வந்து உட்கார்ந்தேன். முப்பத்தொன்றாவது நாள்: இருபத்திரண்டு நிமிடம். ஒளி மாற்றத்தால் கிடைத்த பலன் குழாயால் கிடைத்ததைவிடக் குறைவுதான். ஆனாலும் காலை நேரப் பதற்றம் அடியோடு நின்றது. முன்பெல்லாம் விளக்கு எரிந்ததும் பாறையில் மோதி ஓடும். அது நின்றது.

நான்காவதாகத் துணை. ட்ரிக்கர் தனிமைத் தொட்டியைவிட்டு வெளியேறிய அன்றே அதைச் சுத்தம்செய்து பச்சைக் குரோமிஸ் என்ற சிறு மீன்கள் ஐந்தை விட்டிருந்தேன். முப்பத்திரண்டாவது நாள் அவை பெரிய தொட்டிக்கு வந்தன. குரோமிஸ் எப்போதும் வெட்டவெளியில் கூட்டமாக நீந்தும். ஆபத்து என்றால் சட்டென்று கீழே இறங்கும். அவை மேலே நிதானமாக நீந்துவதே மற்ற மீன்களுக்கு இங்கே ஆபத்தில்லை என்ற செய்தி. நன்னீரில் சிக்லிட் வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. நைஜர் இயல்பிலேயே கூட்டத்தில் நின்று உண்ணும் மீன் என்பதால் இன்னும் நன்றாக எடுபட்டது. மூன்றாம் நாள் மைசிஸ் விட்டபோது ட்ரிக்கர் குரோமிஸ் கூட்டத்தின் நடுவே வந்து நின்று தின்றது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், அது என்னைத் திரும்பிப் பார்த்தது, தின்பதை நிறுத்தவில்லை.

நாற்பதாவது நாள்: ஒரு மணியில் நாற்பத்தாறு நிமிடம்.

இதை அப்படியே பின்பற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நைஜர் முழுதாக வளர்ந்தால் சாதாரணமாக ஓரடியை எட்டும், கடலில் அதற்கு மேலும் போகும். அப்போது சின்னக் குரோமிஸ்கள் அதன் வாயளவுக்கு உட்பட்டவை ஆகிவிடலாம். வேற்றினத் துணை வைப்பவர்கள் அந்த நாளுக்கான மாற்று ஏற்பாட்டை இப்போதே யோசித்து வைக்க வேண்டும். அலைவரி ட்ரிக்கர், கோமாளி ட்ரிக்கர் போன்ற முரட்டு இனங்களுக்கு இந்த யோசனையே வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

என்னிடம் இதேபோல் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பாறையைத் தொடாதீர்கள் என்பதுதான். கேமராவை வைத்துவிட்டு விலகிப் போங்கள். ஆளில்லாத நேரத்தில் வெளியே வந்து, எதையாவது பொறுக்கித் தின்று, சீரான மூச்சோடு இருந்தால் அது கூச்சம், பொறுத்திருக்கலாம். ஆளில்லாதபோதும் ஒரே இடத்தில் கிடந்தால், அல்லது வெளியே வந்தாலும் தண்ணீர் வேகமாகப் பாயும் இடத்தில் போய் நின்று வேக வேகமாக மூச்சு விட்டால், அன்றே தனிமைத் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தொடங்க வேண்டும். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடினால் உடனே அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் பாருங்கள். நன்றாகத் தின்றும் முதுகுச் சதை கரைந்துகொண்டே போனால், கழிவு வெள்ளை நூலாக வந்தால், குடற்புழுவை நினைக்க வேண்டும். குழிந்த வயிறோடு மூன்று நாள் ஒரு துகளும் உள்ளே போகவில்லை என்றால் இளம் ட்ரிக்கர் விஷயத்தில் நான்காவது நாளுக்குக் காத்திருக்க மாட்டேன்.

வளரும் ட்ரிக்கருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை, சிறிது சிறிதாக, மிதக்கும் இரை வேண்டும். ஒரே வேளை நிறையப் போட்டால் கூச்சமுள்ள மீன் வெளியே வருவதற்குள் ஃபாக்ஸ்ஃபேஸ் முடித்துவிடும்.

தொண்ணூறாவது நாளுக்குப் பிறகு

மீன் இப்போது 9 சென்டிமீட்டரை நெருங்குகிறது. நான் கூடத்துக்குள் வந்தாலே முன்கண்ணாடிக்கு வந்து மேலும் கீழும் நீந்துகிறது. அம்மா உட்காரும் பக்கம்தான் அதிகம் நிற்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. புதிதாக யாராவது வந்தால் ஐந்து நிமிடம் குழாய்க்குள் போகும், தலை வெளியே தெரியும்படி. கண்ணாடி துடைக்கக் கை விட்டால் இன்னமும் ஓடுகிறது. அதை மாற்ற நான் முயலவில்லை.

உடல் வளர்ந்ததில் 40 மில்லிமீட்டர் குழாய் இறுக்கமாகிவிட்டது. உள்ளே நுழையும்போது பக்கங்கள் உரசுவது தெரிந்தது. போன மாதம் 63 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே, அதே திசை பார்த்து வைத்தேன். பழையதை எடுக்கவில்லை. முதல் இரண்டு இரவும் பழைய குழாயிலேயே முண்டியடித்து நுழைந்து தூங்கியது. மூன்றாவது இரவு சிவப்பு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். பழைய குழாய் காலியாக இருந்தது. புதியதன் வாயில் அந்த வெளிர்நீலக் கோடு தெரிந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.